பிந்தி வந்த ரத்து

‘செஷன்’ என்ற சொல்லைத் தலைப்பில் போட்டிருந்தால் உங்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அதனால்தான் போடவில்லை. இப்போது மாட்டிக்கொண்டீர்கள், கொஞ்சம் உட்காருங்கள்.

உங்கள் காலத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினால் எத்தனையோ இணைப்புகள் திறக்கின்றன. எது எந்த வழியாக வந்தது, எது முந்தியது, எது பிந்தியது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. அப்படி அவசியம் வந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சாவு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா ஏரியில் மீன்பிடித் தொழில் செய்தவர். பொன்னேரியில் படிப்பை முடித்துவிட்டு, எழுபதுகளில் மெட்ராஸில் ஒரு கணினி மையத்தில், கணினிக்குத் தகவல் ஏற்றும் அட்டைகளைத் துளைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மையத்தின் பெயர் உங்களுக்கு வேண்டாம். கல்யாணமாகி மீஞ்சூரில் குடியிருந்தேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அட்டை துளைத்துக்கொண்டிருந்தவள் மெல்ல மெல்லப் புரோகிராம் எழுதக் கற்று, எண்பதுகளில் தகவல் தொடர்புப் பிரிவுக்கு வந்துசேர்ந்தேன்.

எங்கள் கணினி பெரியதுதான். ஒரு கல்யாண மண்டபத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் அதைவிடப் பெரியது வேறு ஊரில் தலைமை மையத்தில் இருந்தது. ரேஷன் கடைகளின் அரிசிக் கோட்டா, மண்ணெண்ணெய்க் கோட்டா, சம்பளப் பட்டியல், மழை புயல் எச்சரிக்கை எல்லாம் அங்கிருந்துதான் வரும். அங்கே ஒரு புரோகிராம் அனுப்பும், இங்கே எங்கள் புரோகிராம் வாங்கும். வாங்கியதைப் பிரித்து அந்தந்தத் தாலுகா ஆபீஸில் இருக்கும் பிரிண்டருக்குத் தள்ளும். நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு தொலைபேசிக் கம்பி. இந்தப் பேச்சு அறுந்துபோகாமல் காப்பது எங்கள் பிரிவின் வேலை.

இரண்டு புரோகிராம்கள் பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு செஷன், அதாவது பேச்சுக்கு ஒரு வழி, போட வேண்டும். ஒரு செஷனில் ஒரு நேரத்தில் ஒரு காரியம்தான் நடக்கும். அது முடிந்த பிறகே அடுத்தது. ஆரம்பத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு செஷன். இதைப் புதிதாக வந்த எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு விளக்க நான் எங்கள் ஊர்ப் பாடு முறையைத்தான் சொன்னேன். அவர் தஞ்சாவூர் பக்கத்துக்காரர், வயல் தெரியும், ஏரி தெரியாது.

பாடு என்றால் நீங்கள் நினைக்கிற படாத பாடு இல்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாக விழும் இடங்களுக்கு எங்கள் ஊரில் பாடு என்று பெயர். அங்கே வலை கட்டும் உரிமைக்குச் சீட்டுப் போடுவார்கள். சீட்டு விழுந்த வரிசைப்படி ஒவ்வொரு கூட்டமும் தன் நாளில் தொழில் செய்யும். இன்றைக்கு உன் கூட்டம் என்றால் இன்றைக்கு அங்கே வேறு யாரும் வலை இறக்க முடியாது. உன் நாளில் நீ போகவில்லை என்றால் அந்த முறை போனது போனதுதான். அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“அப்போ ஒரு பாடு, ஒரு நாள், ஒரு கூட்டம்,” என்றார் இன்சார்ஜ்.

“அதான் சார் செஷனும்,” என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் பிரிவில் செஷனைப் பாடு என்றே சொல்ல ஆரம்பித்தார். “இன்னைக்குப் பாடு யார் கையில?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்.

ஒரே பாட்டில் ஒரு தொல்லை உண்டு. அரிசிக் கோட்டா போன்ற நீளமான வேலை உள்ளே புகுந்துவிட்டால் அது முடியும்வரை மற்றதெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை பலத்த மழைக்கான எச்சரிக்கை ஒன்று கோட்டாவின் பின்னால் நின்று, மழை பெய்து முடிந்த பிறகு தாலுகாவில் அச்சானது. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒருவர் தொலைபேசியில் எங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டார். நியாயமான கேள்விதான். அதன் பிறகு தலைமை மையத்தோடு பேசி, அதே இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே ஒரே சமயத்தில் நான்கு செஷன்கள் போட ஏற்பாடு செய்தோம். இணைச் செஷன் என்று அதற்குப் பெயர். கோட்டா ஒன்றில் போகும், சம்பளம் ஒன்றில் போகும், எது காலியாக இருக்கிறதோ அதில் அடுத்த செய்தி புகுந்து வந்துவிடும். அன்றைக்குக் கேன்டீனில் இன்சார்ஜ் எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தார். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. நாங்கள் செய்தது சரியான காரியம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐப்பசி மாதக் கடைசி. காலையில் நான் மீஞ்சூரில் ரயில் ஏறும்போதே வாடைக் காற்று முந்தானையைப் பிடுங்கியது. காலையிலேயே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது: கடலில் காற்று கூடும், மீனவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்கிற வழக்கமான எச்சரிக்கை. அன்று எங்கள் குப்பத்தில் பாடு என் தம்பி தேசப்பனின் கூட்டத்துக்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவனே சொல்லியிருந்தான். இறால் காலம், நல்ல நாள் விழுந்திருக்கிறது என்று குழந்தைபோலச் சிரித்தான்.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எச்சரிக்கை இருக்கிற நாள் பாட்டுக் கணக்கில் சேராது. ஊர்த் தலைவரான நாட்டார் பாட்டை நிறுத்தி வைப்பார். யாருக்கும் நஷ்டமில்லை, நாள் அப்படியே தள்ளிப்போகும். எச்சரிக்கை போய்விட்டது என்று செய்தி வந்தால் அந்த நிமிஷமே பாடு உயிர் பெற்றுவிடும். அதன் பிறகு போகாமல் வீட்டில் இருந்தால் அவன் நாளை அவன் தொலைத்ததாகத்தான் கணக்கு.

பிற்பகலில் எங்கள் திரையில் புதிய எச்சரிக்கை ஒன்று வந்தது. புயல் திசை மாறி எங்கள் கரைப் பக்கம் வருகிறது, யாரும் கடலுக்கோ ஏரிக்கோ இறங்கக் கூடாது, கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போக வேண்டும். பொன்னேரி பிரிண்டருக்குப் போனதா என்று பார்த்தேன், போயிருந்தது. அங்கிருந்து தொலைபேசி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சொல்வார்கள், மைக் கட்டிய ஜீப் கரையோரம் சுற்றும். சரி, தேசப்பன் வீட்டில் இருப்பான் என்று நினைத்து டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் இன்னொரு செய்தி: ‘நடப்பில் உள்ள எச்சரிக்கை ரத்து செய்யப்படுகிறது.’ அதுவும் பொன்னேரிக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் புயல் திரும்பிப் போகுமா? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே இருந்த தென்னை ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. இன்சார்ஜின் மேஜைக்குப் போனேன்.

“சார், இந்த ரத்து புது எச்சரிக்கைக்கு இல்ல சார். காலையில வந்ததுக்கு. அவங்க பழச ரத்து பண்ணிட்டுதான் புதுசு கொடுத்திருப்பாங்க. ரத்துதான் மொதல்ல கிளம்பியிருக்கணும். நம்ம கிட்ட மாறி வந்திருக்கு.”

அவர் திரையைப் பார்த்தார். “நாலு பாடு,” என்றார் மெதுவாக. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

அன்று நடந்ததைப் பிறகு உறுதி செய்துகொண்டோம். தலைமை மையம் முதலில் ரத்தை ஒரு செஷனில் அனுப்பியது. அடுத்த நொடியே புதிய எச்சரிக்கையை வேறொரு செஷனில் அனுப்பியது. எங்கள் பக்கத்தில் ரத்தைக் கையில் வாங்கிய வேலை, கோட்டாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இன்னொரு வேலைக்காகக் காத்து நின்றது. எச்சரிக்கையை வாங்கிய வேலை காலாற முன்னால் நடந்துவிட்டது. ஒரே செஷன் இருந்த காலத்தில் இது நடக்கவே வழியில்லை. அனுப்பிய வரிசையில்தான் வந்து சேரும். அந்த வரிசையை யாரும் கட்டிக்காக்கவில்லை, ஒற்றை வழி என்பதால் அது தானாகவே இருந்தது. வழியை நான்காக்கியபோது எங்களோடு இருந்த ஒன்று போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கேயும் கவனிக்கவில்லை, இங்கேயும் கவனிக்கவில்லை.

ஆனால் இந்த உறுதியெல்லாம் பிறகு வந்தது. அப்போது கையில் இருந்தது என் ஊகமும் அந்தத் தென்னை மரமும்தான்.

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம்,” என்றார் இன்சார்ஜ். “ஆனா நாம தபால்காரங்க. கடிதாசியைப் பிரிச்சு, இதுல எழுதினது தப்புன்னு அடிச்சுத் திருத்தற அதிகாரம் நமக்கு இல்லை. இன்னைக்கு நாம ஊகத்துல ஒரு எச்சரிக்கையைத் திருப்பிப் போட்டா, நாளைக்கு நம்ம கிட்டேர்ந்து வர்ற எதையும் ஒருத்தன் நம்ப மாட்டான்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. நான்கூட அவர் நாற்காலியில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். எச்சரிக்கை கொடுக்கும் உரிமை ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் எச்சரிக்கை என்ற ஒன்றே இருக்காது.

“அப்போ அவங்களையே கேளுங்க சார்,” என்றேன்.

அவர் தலைமை மையத்துக்கு லைட்னிங் கால் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்புகளில் அதுதான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னே போகும். ஆனால் அன்று எல்லோரும் லைட்னிங் கால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் பெண் “காத்திருங்க, காத்திருங்க” என்றாள். பொன்னேரியும் கிடைக்கவில்லை, எப்போது அடித்தாலும் பேச்சில் இருந்தது.

நான் நின்றபடியே யோசித்தேன். ஜீப் இந்நேரம் ரத்து என்று கூவிக்கொண்டு போயிருக்கும். பாடு உயிர் பெற்றிருக்கும். தேசப்பன் கூட்டம் வலையைத் தூக்கிப் படவில் போட்டுக்கொண்டிருக்கும். அவனுக்கு மட்டும் எப்படியாவது ஆள் அனுப்பி ‘போகாதே, அக்கா சொன்னா’ என்றால் போகாமல் இருப்பானா? இருக்க மாட்டான். அவன் போகவில்லை என்றால் மொத்தக் கூட்டத்துக்கும் நாள் போகும். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? அவன் ஒருவனை நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. பாட்டையே நிறுத்த வேண்டும். அதற்கு எச்சரிக்கை தேவையில்லை. சண்டை வந்தாலும் சாவு விழுந்தாலும் நாட்டார் தன் சொல்லால் பாட்டை நிறுத்தி வைக்கலாம். அது ஊரின் உரிமை. எங்கள் மையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“சார், பழவேற்காட்டுக்கு எனக்கு ஒரு கால் வேணும். எச்சரிக்கைனு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கவில்லை. தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார்.

பழவேற்காட்டில் காசிம் பாய் ஐஸ் கடை வைத்திருந்தார். நைனா காலத்திலிருந்து எங்கள் இறாலை வாங்குகிறவர். அவர் கடையில் தொலைபேசி இருந்தது. என் நல்ல காலம், அது கிடைத்துவிட்டது.

“இன்னாம்மா, மெட்ராஸ்லேந்தா? காத்து இங்க தூக்குதும்மா, நீ பேசறது பாதிதான் கேக்குது.”

“பாய், நம்ம நாட்டார் கிட்ட ஓடிப்போய் ஒண்ணு சொல்லணும். இன்னிக்கிப் பாட்ட நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள நான் திரும்பப் போன் பண்றேன்.”

“இப்பத்தாம்மா ஜீப்புக்காரன் ரத்துனு சொல்லிக்கினு போறான்.”

“தெரியும் பாய்.”

“அப்போ புயல் வர்தா, வர்லியா?”

“தெரியல பாய்.”

“தெரியலனா எப்டிம்மா? நாட்டார் கேட்டா நான் இன்னா சொல்றது? நான் இன்னா உங்க ஊர் பஞ்சாயத்தா?”

“தெரியலன்றதுதான் பாய் சேதி. மிஷின்ல சேதி முன்ன பின்ன மாறிப் போச்சுனு தேசப்பன் அக்கா சந்தேகப்படறா, அது தெளியறவரைக்கும் பாட்ட வெச்சிருங்கனு சொல்லுங்க. அவ்ளோதான்.”

“சரிம்மா. சைக்கிள எடுக்கறேன்,” என்றார். அறுபது தாண்டியவர், வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டார்.

பிறகு தலைமை மையம் கிடைத்தது. இன்சார்ஜ் இரண்டே கேள்வி கேட்டார். அந்தப் பக்கத்துப் பதில் எனக்கே கேட்டது: “காலையில கொடுத்ததைத்தான் ரத்து பண்ணோம். புது எச்சரிக்கை நடப்புல இருக்கு. ஏன், உங்களுக்கு வரலையா?” புதிய எச்சரிக்கையை மறுபடி அனுப்பச் சொன்னார். ஆனால் நான்கு வழியிலும் எது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி அனுப்பினாலும் இன்னொன்று பின்னால் வந்து அதை அழிக்காது என்று என்ன நிச்சயம்? “மூணு பாட்ட மூடுங்க. ஒண்ணு போதும்,” என்றார் என்னிடம். மூடினால் பாதியில் இருந்த கோட்டா வேலை நாசமாகும், பல தாலுகாக்களுக்கு அரிசி தள்ளிப்போகும். “என் பேரைப் போட்டு மூடுங்க,” என்றார். நான் மூடினேன். எச்சரிக்கை மறுபடி வந்தது, பொன்னேரிக்குப் போனது. ஜீப் மூன்றாவது தடவையாகக் கரையோரம் போனபோது, “நீங்களே ஒரு முடிவுக்கு வாங்கடாப்பா” என்று குப்பத்தில் சிரித்தார்களாம்.

பாய்க்குத் திரும்பப் போன் செய்தேன். வலையைக் கட்டப் போன கூட்டத்தை முகத்துவாரத்துக்குப் போகும் வழியிலேயே நாட்டார் ஆள்விட்டுத் திருப்பிவிட்டார், எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்றார். “உன் தம்பி கூட்டம்தாம்மா. திட்டிக்கினே வந்தானுங்க,” என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இன்சார்ஜ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

புயல் கடந்தது. ரயில் பாதையில் மரம் விழுந்து, வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. பொன்னேரியிலிருந்து பாதி தூரம் பஸ், மீதி தூரம் நடை. குப்பத்தில் கூரைகள் இல்லை. ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கூட்டாளிகள் எழுந்து நின்றார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், தேசப்பன் இல்லை.

அவன் அன்று பாட்டுக்கே போகவில்லை. காலையில் எச்சரிக்கை வந்து பாடு நின்றதும், நாள் தள்ளிப்போகும் என்று நினைத்து, ஏரியைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போயிருக்கிறான். அவன் மனைவி அஞ்சலை அங்கே தாய்வீட்டில் இருந்தாள். மதியத்துக்கு மேல் படவில் வந்தவர்கள் புயல் என்றார்கள். அடுத்த படவில் வந்தவர்கள் ரத்து என்றார்கள். திரும்பி வந்து பாட்டைப் பிடிக்க நேரமில்லை என்று, தன் இடத்தைக் கூட்டாளி ஒருவனுக்கு விட்டுக்கொடுத்துச் சொல்லியனுப்பிவிட்டு, மாமனாரின் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலில் இறங்கிவிட்டான். லைட்ஹவுஸ் குப்பம் கடலைப் பார்த்த ஊர். எங்கள் பாடு அவர்களைக் கட்டாது, எங்கள் நாட்டார் சொல்லும் அங்கே போகாது. கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் வடக்கே ஒதுங்கியது. அவன் வரவே இல்லை.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். பாட்டை நிறுத்தச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அன்று கையில் இருந்ததை வைத்து அதைவிட நல்லது ஒன்றைச் செய்திருக்க முடியாது. ஒரு படவு ஆட்கள் இன்றும் பேரன் பேத்தி எடுத்து இருக்கிறார்கள். ஆனால் ஒரு பாட்டுக்குள்தான் வரிசையும் கட்டுப்பாடும். ஏரியில் நின்ற பாட்டுக்கும் கடலில் இறங்கிய மரத்துக்கும் நடுவே யாருடைய சொல்லும் இல்லை. எங்கள் நான்கு செஷனுக்கு நடுவே இல்லாமல் போனதும் அதுதான். இதை நான் தம்பியைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மையத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரிகள் எல்லாம் பயந்துபோயிருந்தார்கள். இணைச் செஷனே வேண்டாம், பழையபடி ஒன்றே போதும் என்று ஒரே பேச்சு. எழுந்து எதிர்த்தது நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. இவளா பேசுகிறாள் என்று. ஒற்றை வழிக்குத் திரும்பினால் அடுத்த புயல் எச்சரிக்கை கோட்டாவின் பின்னால் வாசலில் நிற்கும், அப்போது வேறொருத்தியின் தம்பி போவான் என்றேன். வரிசையை வழி காப்பாற்றும் என்று இனி நம்ப வேண்டாம். செய்தியே தன் வரிசையைத் தன்னோடு சுமந்து வரட்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண். ரத்து என்று வந்தால் எந்த எண்ணை ரத்து செய்கிறது என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத ரத்தை எங்கள் புரோகிராம் கையில் வாங்கவே கூடாது. இன்சார்ஜ் எழுந்து, “அவங்க சொல்றதுதான் சரி,” என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்தார். தலைமை மையமும் ஒப்புக்கொண்டது. அந்த வாரமே மாற்றி எழுதினோம். பாதிக்குமேல் நானே எழுதினேன்.

நீங்கள் எதையாவது ஒன்றிலிருந்து நான்காக்கும்போது, புதிதாக என்ன கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பழையதில் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது எது, அது இனியும் கிடைக்குமா என்று நீங்கள் ஒருவராவது கேளுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

கருமாதிக்கு லைட்ஹவுஸ் குப்பம் போயிருந்தேன். சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“அண்ணி, நீ மிஷின்ல வேலை செய்யறவ. உனக்குத் தெரியும். அன்னிக்கி எத ரத்து பண்ணாங்க?”

“காலையில சொன்னாங்களே, அத.”

“மதியம் சொன்னது?”

“அத யாரும் ரத்து பண்ணல அஞ்சலை. அது அப்டியேதான் இருந்துச்சு.”

அவள் மணலைப் பார்த்தபடி சொன்னாள், “அவரு சும்மா போகல அண்ணி. மரத்தத் தள்ளறப்ப திரும்பி நின்னு என்னக் கேட்டாரு. ‘ரத்துதானே? நல்லாக் கேட்டியா?’ன்னாரு. நான்தான் ஆமானு சொன்னேன். நான் சொல்லித்தான் போனாரு.”

இதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியில் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று மையத்தில் எங்களுக்கெல்லாம் வாய்மொழி உத்தரவு இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ சொல்லல அஞ்சலை. உன் வாயில வந்தது எங்க ஆபீஸ் சேதி. நாங்கதான் ஆமானு சொன்னோம்.”